லாகினுக்கே லாகின் கேட்ட கதை

அண்ணி: ...அதான் சொல்றேன், லாகின் பக்கத்தைத் திறந்தா சுத்திக்கிட்டே இருக்கு! கடைசில, இத்தனை தடவை திருப்பி விட்டா நான் எங்க போவேங்கற மாதிரி ஒரு திட்டு திட்டிட்டு நின்னுடுது.

கொழுந்தன்: அண்ணி, அண்ணி... மூச்சு விடுங்க. ஆபீஸ்ல இருக்கேன், மெதுவாத்தான் பேச முடியும்.

அண்ணி: ஐயோ, உன் வேலையைக் கெடுக்கறேனா? வச்சிடறேன்...

கொழுந்தன்: வச்சா அண்ணன்கிட்ட போட்டுக் கொடுப்பேன். மேனேஜருக்கு எப்ப காட்டணும்?

அண்ணி: பதினோரு மணிக்கு. இன்னும் இருபது நிமிஷம். ஆஸ்பத்திரி டோக்கன் போடற சைட்டுடா... ஆறு வருஷம் பிள்ளையப் பாத்துக்கிட்டு வீட்ல இருந்தவளை நம்பி மேனேஜர் கொடுத்த முதல் வேலை. இது ஊத்திக்கிச்சுன்னா...

கொழுந்தன்: ஊத்திக்காது. லாகின் பண்ணாதவங்க எதைத் திறந்தாலும் லாகினுக்குத் திருப்பி விடுன்னு எழுதினீங்க, சரியா?

அண்ணி: ஆமா, ஜாவால ஒரு ஃபில்டர் போட்டேன். எல்லாப் பக்கத்துக்கும்.

கொழுந்தன்: லாகின் பக்கத்துக்குமா?

அண்ணி: ...சிரிக்காத.

கொழுந்தன்: லாகின் பண்ண வந்தவனை, லாகின் பண்ணாம உள்ள வராதன்னு விரட்டியிருக்கீங்க!

அண்ணி: சிரிக்காதடா! அதைக் காலைலயே கண்டுபிடிச்சு, லாகினுக்கு மட்டும் விலக்கு கொடுத்துட்டேன். சர்வரை மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டேன். அப்பவும் சுத்துது. அழுகையா வருது.

கொழுந்தன்: இருங்க இருங்க... இப்ப திறக்கும்போது, யார் என்ன கேட்டாங்கன்னு சர்வர் எழுதி வைக்கிற லாக்ல என்ன வருது?

அண்ணி: பாக்கறேன்... ம்ஹூம். ஒண்ணுமே வரல.

கொழுந்தன்: ஒரு வரி கூட?

அண்ணி: ஒரு எழுத்து கூட.

கொழுந்தன்: அப்ப உங்க பிரவுசர் சர்வர்கிட்ட கேக்கவே இல்ல! திருப்பி விடும்போது தற்காலிகம்னு போட்டீங்களா, நிரந்தரம்னா?

அண்ணி: நிரந்தரம்னுதான். உறுதியா இருக்கட்டுமேன்னு...

கொழுந்தன்: இருந்துடுச்சு! நீங்க முதல்ல சொன்னதையே பிரவுசர் மனசுல வச்சுக்கிட்டு, சர்வர் பக்கம் எட்டிக்கூடப் பாக்காம அதுவா சுத்துது. பழசு எதுவும் ஞாபகம் இல்லாத பிரைவேட் விண்டோல திறங்க.

அண்ணி: திறக்கறேன்... டேய்! வந்துடுச்சு! வந்துடுச்சுடா!

கொழுந்தன்: கத்தாதீங்க, பக்கத்துல இருக்கறவர் முறைக்கறார். மேனேஜர் இதைத் திறந்து பாத்தாரா?

அண்ணி: இல்ல, யாருக்கும் இன்னும் காட்டல.

கொழுந்தன்: தப்பிச்சோம், இல்லன்னா அவர் பிரவுசரும் பழசையே பிடிச்சுக்கிட்டு சுத்தியிருக்கும். தற்காலிகம்னு மாத்துங்க, உங்க பிரவுசர்ல பழசைத் துடைங்க. அவ்வளவுதான்.

அண்ணி: மாத்தறேன்... துடைச்சாச்சு... ஓடுது! கொழுந்தனாரே, நீ நல்லா இருக்கணும்!

கொழுந்தன்: நான் என்ன பண்ணேன்? காலைலயே சரி பண்ணது நீங்க.

அண்ணி: ஒண்ணு சொல்லவா? அண்ணன்கிட்ட சொல்லாத. என்னால முடியல, நின்னுக்கறேன்னு மேனேஜருக்கு மெயில் எழுதி வச்சிட்டுத்தான் உன்னைக் கூப்பிட்டேன். இப்பதான் அழிச்சேன். ரொம்ப தேங்க்ஸ்டா.

கொழுந்தன்: அழிச்சது நல்லது அண்ணி.

அண்ணி: சரி, வச்சிடறேன். உங்க மேனேஜர் வந்துடப் போறார்.

கொழுந்தன்: மேனேஜரெல்லாம் இல்ல அண்ணி. லைப்ரரில உக்காந்திருக்கேன். எனக்கு வேலை போய் ரெண்டு மாசம் ஆச்சு... தினமும் பையை மாட்டிக்கிட்டு இங்கதான் வர்றேன், வீட்ல சொல்ல வாய் வரல. இந்த ரெண்டு மாசத்துல, உனக்கு இது தெரியுமான்னு ஒருத்தர் என்னைக் கேட்டது இன்னைக்குத்தான். தேங்க்ஸ் நான்தான் சொல்லணும். நீங்க போய்க் காட்டிட்டு வாங்க, நேரமாச்சு.