ஒன்றேகால் சுற்று

பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனால் முதலில் தூசியைத் தட்டவேண்டும், மேடம். யாரும் அதைச் செய்வதில்லை. நேராகக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கடைக்காரரும் தன் பங்குக்கு மதர்போர்டே போய்விட்டது என்பார். வெளியே உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் தட்டிக்கொண்டிருக்கிற பெட்டிக்கும் இதே வைத்தியம்தான். நான் பெயர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை படுத்துவிட்டது. அதனால்தான் வெள்ளைத்தாளைக் கொடுத்து எழுதச் சொன்னீர்கள் போல. எழுதுகிறேன். என் கையெழுத்து நன்றாகவே இருக்கும்.

பெயர் டில்லிபாபு, வயது முப்பத்தாறு, ஊர் மண்ணூர். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். என் மனைவி பாண்டிச்செல்வி கொடுத்திருக்கும் புகாரில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். எங்கள் கம்பெனியில் லைன் நின்றால், ஏன், ஏன் என்று வரிசையாக ஐந்து தடவை கேட்டு, அச்சடித்த தாளில் நிரப்பிக் கையெழுத்து வாங்குவார்கள். நீங்கள் ஒரே தடவையோடு விட்டுவிட்டீர்கள். அரசாங்க வேலையில் எவ்வளவு நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

மெயின்டனன்ஸ்காரன் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். லைன் ஓடுகிறவரை அவன் முகம் யாருக்கும் தெரியாது. வணக்கம் வைத்தால் சூபர்வைசர் போனைப் பார்த்தபடியே தலையை ஆட்டுவார். லைன் நின்றுவிட்டதோ, அதே மனிதர் ஓடிவந்து பின்னால் நின்றுகொண்டு, “டில்லி, இன்னாப்பா ஆச்சு? எவ்ளோ நேரம் ஆவும்?” என்று குழைவார். அந்த இருபது நிமிஷம் நான் ராஜா. போன வருஷம் புது ரோபோக்கள் வந்து இறங்கின. அவை நிற்பதில்லை. நின்றாலும் புனேயில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஓர் இன்ஜினீயர் அங்கிருந்தபடியே எழுப்பிவிடுகிறார். என்னிடம் ஏணியைக் கொடுத்து ஏசி ஃபில்டர் கழுவச் சொன்னார்கள். மரியாதையான வேலைதான். ஃபில்டர் எதிர்த்துப் பேசாது.

பாண்டிச்செல்விக்குக் கோவில்பட்டிப் பக்கம். போன் தயாரிக்கிற கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தாள். ஒரு போனைக் கையில் வாங்கித் திருப்புவதற்குள் கீறல் எங்கே என்று சொல்லிவிடுவாள். ஹாஸ்டலில் இருந்தவளை ஷிஃப்ட் பஸ் நிறுத்தத்தில் பார்த்துப் பழகி, இரண்டு வீட்டிலும் ஏச்சு வாங்கிக் கல்யாணம் செய்துகொண்டேன். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். ஒன்றரை வருஷம் கழித்து, வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்றைக் கண்டுபிடித்தாள். தொழிற்சாலைகளின் தர அறிக்கைகளைச் சரிபார்க்கிற வேலை. அதற்கு கேமராவை ஓடவிட்டு இரண்டு மணி நேரம் பரீட்சை எழுதவேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் அந்தக் கதவு மூடிவிடும். குழந்தையை விட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போகமுடியாத அவளுக்கு வேறு கதவு இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

ஏதோ ஓர் ஆபீஸில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரை நான்தான் வாங்கி வந்தேன். முதல் மாதமே நின்றது. அந்தப் பழுது சத்தியமாக அதனுடையது. உள்ளே சிப்பின் மேல் ஓர் அலுமினியக் கட்டி உட்கார்ந்திருக்கும், சூட்டை உறிஞ்ச. ஹீட் சிங்க் என்போம். அதில் ஒரு விரல்கடை தூசி. சுத்தம் செய்து, சூட்டைக் கடத்துகிற பசையைப் புதிதாகத் தடவி, நான்கு ஸ்க்ரூவையும் முடுக்கினேன். பாண்டிச்செல்வி பின்னால் வந்து என் தோளில் மோவாயை வைத்து, “நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்னங்க செஞ்சிருப்பேன்” என்றாள். அன்றைக்கு மீன் குழம்பு. பதிமூன்று வருஷ சர்வீஸில் எந்தப் பிளான்ட் ஹெட்டும் எனக்கு மீன் குழம்பு வைத்ததில்லை.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. நான் ஷிஃப்ட் முடிந்து வந்தால் சாப்பாடு மூடி வைத்திருக்கும். அவள் காதில் ஹெட்போனோடு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து படிப்பாள். தவறு என்று சொல்லமாட்டேன். வந்துட்டீங்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் அவள் கடைக்குப் போயிருந்தபோது மூடியைக் கழற்றி, நான்கு ஸ்க்ரூவையும் ஒன்றேகால் சுற்றுத் தளர்த்தினேன். கட்டி சிப்பை விட்டுச் சற்றே எழும்பும். சும்மா வைத்திருந்தால் ஓடும். கேமராவும் வீடியோவும் ஓடினால், அரை மணிக்கு மேல் எந்த நிமிஷமும் சூடேறி நின்றுவிடும். ஒன்றேகால் சுற்று. மொத்தக் குற்றமும் அவ்வளவுதான், மேடம். நீங்கள் இத்தனை தாள் கொடுத்திருக்கவேண்டியதில்லை.

நிற்கும். கூப்பிடுவாள். முடுக்குவேன். ஓடும். பத்து நாள் கழித்து மறுபடி தளர்த்துவேன். முதல் வாய்ப்பு முப்பத்தைந்தாவது நிமிஷத்தில் போனது.

அவள் கெட்டிக்காரி இல்லையா, காரணம் கேட்க ஆரம்பித்தாள். ஏதாவது சொல்லவேண்டியிருந்தது. போன் கம்பெனியில் உள்ளே நுழையும்போது ஒரு கருவியில் கை வைக்கவேண்டும். உடம்பில் இருக்கும் ஸ்டாடிக் மின்சாரம் சிப்பைக் கொன்றுவிடுமாம். பச்சை எரிந்தால் லைனுக்குப் போகலாம், சிவப்பு எரிந்தால் ஓரமாக நிற்கவேண்டும். “உன் ஒடம்புல ஸ்டாடிக் ஜாஸ்தி கீது செல்வி, அதான் பொட்டி தாங்கல” என்றேன். யோசித்துப் பார்த்தாள். “ஆமாங்க, எனக்கு மாசத்துல ரெண்டு நாள் செவப்பு எரியும்” என்றாள். செருப்பு தேய்ந்தால்கூடச் சிவப்பு எரியும். அது எனக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து, ஸ்டாடிக்கை வெளியேற்றக் கம்பெனியில் கட்டுகிற பழைய மணிக்கட்டுப் பட்டை ஒன்றைத் தேடி எடுத்துக் கையில் மாட்டி, அதன் வயரை ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டுதான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். இரண்டாவது பரீட்சையையும் அப்படிக் கட்டிக்கொண்டுதான் எழுதினாள். ஐம்பதாவது நிமிஷம் நின்றது. பிறகு மிக்ஸியைத் தொடமாட்டேன் என்றாள். ஃப்ரிட்ஜைத் துணி சுற்றித் திறந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது உண்மைதான். ஆனால் வீட்டில் எது வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிட்டாள்.

ஒரு மத்தியானம் பாப்பாவுக்குக் கடும் ஜுரம். அவள் மடியில் படுத்திருந்தபோதே வலிப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி ஆட்டோ பிடித்துவர, ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஜுரம் ஏறினால் சில குழந்தைகளுக்கு அப்படி வரும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பாண்டிச்செல்வி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: “நான் தூக்கி வச்சிருந்ததாலயாங்க?”

நான் டாக்டர் இல்லையே, மேடம். எனக்குத் தெரியாத விஷயத்தில் நான் எப்படிக் கருத்துச் சொல்வது? பேசாமல் இருந்தேன்.

அதற்குப் பிறகு நாற்பது நாள் அவள் பாப்பாவைத் தூக்கவில்லை. பாஞ்சாலி வந்து குளிப்பாட்டுவாள். நான் வந்து சோறு ஊட்டுவேன். குழந்தை கையை நீட்டிக்கொண்டு வந்தால் இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்து போவாள். பாப்பா கொஞ்ச நாள் அழுதது. பிறகு நேராக என்னிடம் வரப் பழகிவிட்டது. எனக்கு ஏன் சந்தோஷமாக இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். சந்தோஷமாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே அவள் குழந்தையை வாரி எடுத்திருப்பாள் என்பதும் தெரியும். இருந்தாலும் சொல்லவில்லை.

மூன்றாவது பரீட்சைக்கு முந்தின நாள், “ஒரு தடவ பாத்துருங்க, நான் கிட்ட வரல” என்று வாசற்படியிலேயே நின்றாள். நான் கழற்றினேன். அவள் அங்கிருந்தே போனில் லைட் அடித்துக் காட்டினாள். அந்த வெளிச்சத்தில் ஒன்றேகால் சுற்றுத் தளர்த்திவிட்டு, மூடியைப் போட்டேன். “சூப்பரா கீது, பயப்படாம எழுது” என்றேன். மறுநாள் முதல் ஷிஃப்டுக்குப் போய்விட்டேன். எண்பது நிமிஷம் எழுதியிருக்கிறாள். எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்ததாம்.

நான் போனை எடுக்கவில்லை என்பதால் முதல் தடவையாக அவளே மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கிறாள். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். எங்கள் தொழிலில் ஸ்க்ரூவை முடுக்கினால் அதன் தலையிலிருந்து அடித்தகடு வரை மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுப்போம். கோடு நேராக இருந்தால் ஸ்க்ரூ அசையவில்லை என்று அர்த்தம். கோடு இழுக்காமல் வேலையை முடித்தால் எனக்குக் கை நமைக்கும். முதல் பழுதன்று, மீன் குழம்பு வாசனையில், நான்கிலும் அழகாக இழுத்துவைத்திருந்தேன். ஊரில் எந்தப் பெண்டாட்டி பார்த்தாலும் அது மஞ்சள் கறை. நான் கட்டியது குவாலிட்டி இன்ஸ்பெக்டரை.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். பாப்பா அவள் மடியில் இருந்தது. கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டிருந்தது. மணிக்கட்டுப் பட்டை தரையில் கிடந்தது. அவள் சத்தம் போடவில்லை.

“முடுக்கிப் பாத்தேன், நாலும் ஒண்ணேகால் சுத்துங்க. தானா கழண்டா நாலும் ஒரே மாதிரி கழலாது” என்றாள். பாப்பாவின் தலையைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டு, “ஆஸ்பத்திரியில கேட்டேன்லா, அப்பவாவது சொல்லியிருக்கலாம்” என்றாள்.

அது நியாயமான பேச்சு. ஒப்புக்கொள்கிறேன். ஸ்க்ரூவைத் தளர்த்தியது நான். மூன்று பரீட்சையையும் கெடுத்தது நான். பெற்ற குழந்தையைத் தொடப் பயப்படவைத்ததும் நான்தான். எவனோ இருபது வயசுக்காரன் கோபத்தில் செய்ததைப் போல இதை எழுதிவிடாதீர்கள். நிதானமாக, நன்றாக யோசித்துச் செய்தேன். என் பக்கத்தில் ஒன்றே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அவள் கூப்பிட்டு நான் போகாத நாள், அந்த ஒரு நாளைத் தவிர, கிடையாது. எந்தப் புருஷன் இப்படி ஓடுவான்?

அவள் இப்போது குழந்தையோடு தனியாக வீடு பார்த்துப் போய்விட்டாள். எங்கே என்று எனக்குச் சொல்லவேண்டாம் என்று உங்களிடமும் கேட்டுக்கொண்டாளாம். பாஞ்சாலி மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நன்றாகத்தான் இருக்கிறார்களாம். சீலிங் ஃபேன் மட்டும் கடகடவென்று ஆடுகிறதாம், பாப்பா அதற்கு நேர் கீழேதான் தூங்குகிறதாம். அவளுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? விலாசத்தை மட்டும் கொடுங்கள், மேடம். நான் போய் ஒரு தடவை பார்த்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்.