ஏ-3 காணாமல் போன சனிக்கிழமை

வாக்குமூலத்தை எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொன்னீர்கள், பூர்ணா மேடம். தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் தொடங்கினால் கைப்பழக்கத்தில் சுருக்கம், அட்டவணை, பரிந்துரை எல்லாம் வந்துவிடும். கடைசியில் உங்களுக்கு நன்றி சொல்லி ஒரு ஸ்லைடும் போட்டுவிடுவேன். உங்கள் வீட்டிலும் செகந்திராபாத் தமிழ்தான் என்பதால் படிக்கச் சிரமம் இருக்காது. ஃபேனை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், தாள் பறக்கிறது.

என் பெயர் ஜெர்சன். வயது நாற்பத்தொன்று. போலீஸில் கிரைம் அனலிஸ்ட், நான்கு வருஷமாக ஒப்பந்த வேலை. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள், "துப்பாக்கி குடுத்திருக்காங்களா?" என்று கேட்பார்கள். எக்செல் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னதும் பேச்சை மாப்பிள்ளை பக்கம் திருப்பிவிடுவார்கள். என் வேலை இவ்வளவுதான்: ஸ்டேஷன்களில் பதிவாகும் வழக்குகளை மேப்பில் புள்ளியாக வைக்க வேண்டும். புள்ளிகள் கூடுகிற இடத்தில் சிவப்பு அடிக்க வேண்டும். அடுத்த மாதம் எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, என்ன மாதிரித் திருட்டு நடக்கும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். நூறு கணிப்பில் எண்பது பலித்தால் ஒப்பந்தம் இன்னொரு வருஷம் நீளும். எழுபத்தொன்பது என்றால் வீட்டுக்குப் போகலாம். என்னைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் எழுபத்தேழில் போனார். இப்போது பட்டான்செருவில் மருந்துக் கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறார்.

தவறு நடந்தது ஹப்சிகுடா பக்கம் ஒரு ஸ்டேஷனில். பெயர் வேண்டாம், அவர்கள் பட்டது போதும். அங்கே வழக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ரைட்டர், ஹெட் கான்ஸ்டபிள் கிரி. இருபத்தாறு வருஷ சர்வீஸ். நானே அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். சம்பவம் நடந்த இடத்தைக் காட்ட மேப்பில் ஒரு குண்டூசி இருக்கும். அதை இழுத்துச் சரியான தெருவில் குத்த வேண்டும். இழுக்காமல் விட்டால் அது ஸ்டேஷன் கட்டடத்தின் மேலேயே நிற்கும். கிரி அண்ணா இரண்டு வருஷமாக அதை இழுக்கவே இல்லை. ஹப்சிகுடாவில் அறுத்த செயின், தொலைந்த பைக், பஸ்ஸில் போன பர்ஸ் எல்லாம் ஸ்டேஷனுக்குள்ளேயே நடந்ததாகப் பதிவாகியிருந்தது.

இதைக் கண்டுபிடிப்பதுதான் ஒரு அனலிஸ்ட் கற்றுக்கொள்கிற முதல் பாடம். நான் கண்டுபிடித்தேன். ஆனால் மாதாந்திர மீட்டிங்கில், டி.சி.பி. சாரும் பன்னிரண்டு இன்ஸ்பெக்டர்களும் பார்த்துக்கொண்டிருக்க, திரையில் மேப் விரிந்த பிறகு கண்டுபிடித்தேன். ஏரியாவிலேயே பெரிய சிவப்பு, போலீஸ் ஸ்டேஷன் மேல் இருந்தது.

"திருட்டு அதிகமா நடக்கிற இடம் நம்ம ஸ்டேஷன்தான்னு சொல்றீங்களா?" என்று டி.சி.பி. சார் கேட்டார்.

என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று, மென்பொருள், குண்டூசி, மனிதத் தவறு என்று நீளமானது. இன்னொன்று, "ஆமா சார்." மதிய சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் சின்னதைச் சொன்னேன்.

அவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். இத்தனை வருஷத்தில் உள்வீட்டுத் திருட்டைப் பற்றிப் பேசத் துணிந்த முதல் ஆள் நான்தான் என்றார். அந்த ஸ்டேஷனுக்கு மட்டும் மூன்று மாதத்துக்குத் தனிக் கணிப்பு கேட்டார். அங்கே ஒரு குண்டூசி காணாமல் போனாலும் வழக்குப் பதிய வேண்டும் என்று உத்தரவும் போட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது, மேடம். அதை மறைக்க மாட்டேன். என் வாழ்நாளில் யாரும் அப்படிக் கை குலுக்கியதில்லை.

ஆனால் அந்த ஸ்டேஷனில் யாரும் எதையும் திருடவில்லை. மூன்று வாரம் காத்திருந்தேன். அவ்வளவு போலீஸ்காரர்கள் இருக்கிற இடத்தில் ஒரு பேனாகூடக் காணாமல் போகவில்லை. இப்படிப்பட்ட நேர்மையை வைத்துக்கொண்டு எந்த அனலிஸ்ட்டும் பிழைக்க முடியாது.

அதனால் கொஞ்சம் ஒத்தாசை செய்தேன். முதலில் ஸ்டேப்ளர்: செவ்வாய்க்கிழமை, ஒன்றிலிருந்து இரண்டுக்குள், கணித்தபடியே. பிறகு சுவர்க் கடிகாரம். பிறகு இன்ஸ்பெக்டரின் டிபன் கேரியர். அதிலிருந்த கோங்குரா பச்சடி கெட்டுவிடும் என்பதால் அன்றைக்கே சாப்பிட்டுவிட்டேன். தகவல் சேகரிக்க வருகிறவன் என்பதால் என்னை யாரும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கிரி அண்ணாதான் உட்கார்ந்து வழக்கு எழுதினார். குண்டூசியை வழக்கம்போல் இழுக்காமல் விட்டார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அது சரியான இடத்தில் நின்றது.

இனி ஏ-3. ஒரு காலி மனையில் கோழிச் சண்டை நடத்திய இரண்டு பேரைப் பிடித்தார்கள். வழக்கில் அவர்கள் ஏ-1, ஏ-2, அதாவது குற்றம் சாட்டப்பட்ட முதல் ஆள், இரண்டாம் ஆள். கூடவே பிடிபட்ட சேவலை ஸ்டேஷனில் எல்லோரும் ஏ-3 என்றார்கள். கோர்ட்டில் காட்டுகிற வரைக்கும் அதைப் பத்திரமாக வைத்திருப்பதாகக் கையெழுத்துப் போட்டவர் கிரி அண்ணா. பின்னறையில் கட்டி வைத்து, தன் டப்பாவிலிருந்து தயிர்சாதம் ஊட்டினார். அவரைத் தவிர எல்லோரையும் அது கொத்தியது.

அந்தச் சமயத்தில் என் கணக்கு எழுபத்தொன்பதில் நின்றது. மீதம் இருந்த கணிப்பு ஒன்றே ஒன்று: சனிக்கிழமை, இரண்டிலிருந்து மூன்றுக்குள், அசையும் சொத்து. ஸ்டேஷனில் அதைவிட நன்றாக அசைகிற சொத்து வேறு இல்லை.

லேப்டாப் பையில் வைத்துத்தான் கொண்டுபோனேன். வாசலில் கான்ஸ்டபிள் சீனு எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பை கூவியது.

"ஏமி சார் அதி?"

"ரிங்டோன்," என்றேன்.

"பாகுந்தி சார்," என்று பாராட்டினார். ரிங்டோனைத் தனக்கும் அனுப்பச் சொன்னார். அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் என் மனைவி அபிகாயில் கதவிலேயே நிறுத்திவிட்டாள். "நக்கோ, உள்ள கொண்டாராதீங்க. ஏது இது?"

"ஆபீஸ்ல குடுத்தாங்க."

"ஆபீஸ்ல டைரி குடுப்பாங்க, காலண்டர் குடுப்பாங்க. சேவலா குடுப்பாங்க?"

எங்கள் மகள் எமி எட்டாவது படிக்கிறாள். நாங்கள் தமிழில் பேசினாலும் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அவள் பையை எட்டிப் பார்த்து, "டாடி, இஸ் இட் எவிடென்ஸ்?" என்று கேட்டாள். பிள்ளைகள் முன்னால் பொய் சொல்லக்கூடாது என்பது என் கொள்கை. அதனால் பதில் சொல்லவில்லை.

மறுநாள் எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. அவரவர் நிலத்தில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவர வேண்டும். செகந்திராபாத் ஃபிளாட்டில் எதுவும் விளையாது என்பதால் பூசணிக்காய், கேக், கோழி என்று எதையாவது கொண்டுபோவோம். ஆராதனை முடிந்ததும் ஏலம். எடுத்தவரே திருப்பிக் காணிக்கையாகக் கொடுப்பதும், அதையே மறுபடி ஏலம் விடுவதும் எங்கள் வழக்கம். ஏ-3-ஐ நான் கர்த்தருக்குக் கொடுத்துவிட்டேன், மேடம். திருடினேன் என்பது உண்மை. எனக்கென்று வைத்துக்கொண்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஏலம் விட்ட ஜாய்சன் அண்ணனின் கட்டைவிரலை அது கொத்திவிட்டதால், எடுத்தவர்கள் எல்லோருமே பக்தியோடு உடனே திருப்பிக் கொடுத்தார்கள். ஐந்தாவது தடவை ஒரு பெரியவர் எடுத்து, மொட்டைமாடியில் வளர்க்கிறேன் என்று கொண்டுபோனார்.

திங்கட்கிழமை கிரி அண்ணாவை சஸ்பெண்ட் செய்தார்கள்.

அதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். உள்ளாள் யார் என்று கண்டுபிடிக்கும் வேலையை டி.சி.பி. சார் என்னிடம்தான் கொடுத்தார். நான் ஒழுங்காகவே செய்தேன். எல்லாத் திருட்டு நேரத்திலும் கட்டடத்துக்குள் இருந்தவர்கள் யார் என்று மென்பொருளைக் கேட்டேன். இரண்டு பெயர் வந்தது: கிரி, ஜெர்சன். மென்பொருள் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்து மகிழ்ந்தேன். பிறகு என் பெயரை எடுத்துவிட்டேன். நான் அந்த ஸ்டேஷன் ஊழியன் இல்லை. என்னைச் சேர்த்தால் ஆய்வு முறை கெட்டுவிடும். மீதி ஒரு பெயர்தான் இருந்தது. எண்பது எட்டிவிட்டதால் அதற்குப் பிறகு நான் எதையும் எடுக்கவில்லை. அவர் போனதும் திருட்டு நின்றுவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

அவர் வீட்டுக்கு ஒரு தடவை போனேன், பிளம் கேக் வாங்கிக்கொண்டு. லுங்கியில் உட்கார்ந்திருந்தார். சீருடை இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. ஆள் பாதியாகத் தெரிந்தார். வருகிற திங்கட்கிழமை விசாரணை, அதற்குள் சேவல் வராவிட்டால் வேலை போய்விடும் என்றார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நாக்கு மீரே திக்கு சார். உங்கள விட்டா எனக்கு யாரும் இல்ல. உங்க மேப்ல பாத்து சொல்லுங்க, அது எங்க இருக்கு?"

பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, மேடம். அன்றைக்கு இரவுச் சாப்பாடு இறங்கவே இல்லை. காலையில் இட்லி இறங்கியது.

நானாக வந்து சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் புதன்கிழமை அபிகாயில் வாட்ஸாப்பில் ஏ-3 படத்தைப் பார்த்துவிட்டாள். போலீஸே சுற்றுக்கு விட்டிருந்த படம், வால் இறகில் வெள்ளை அடையாளத்தோடு. அவள் சத்தம் போடவில்லை.

"அந்த மனுசன் உங்களுக்கு என்ன பாவம் செஞ்சாரு? வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க போய்ச் சொல்லுதீங்களா, நான் போய்ச் சொல்லட்டா?"

இன்று வெள்ளிக்கிழமை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். ஸ்டேப்ளர், கடிகாரம், டிபன் கேரியர், சேவல், நான்கையும் எடுத்தது நான் ஒருவன்தான். கிரி அண்ணாவுக்கு எதிலும் சம்பந்தம் இல்லை. ஏ-3 உயிரோடு நன்றாக இருக்கிறது, சனத்நகர் பக்கம்.

ஒரே ஒரு சின்ன விஷயம். காணாமல் போன பொருள் முப்பது நாளுக்குள் கிடைத்துவிட்டால் அந்த வழக்கு கணிப்பில் சேராது. எண்பது மறுபடி எழுபத்தொன்பது ஆகிவிடும். என் ஒப்பந்தத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். கணிப்பு பலிக்க வேண்டும் என்று இருக்கிறதே தவிர, யாரால் பலிக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. என் ரிவியூ செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு. அதனால் இந்த வாக்குமூலத்தை அதுவரை உங்கள் மேஜை டிராயரில் வைத்திருங்கள். சேவல் எந்த மொட்டைமாடியில் இருக்கிறது என்பதை அன்று நாலரைக்கு எழுதித் தருகிறேன். அபிகாயிலிடமும் ஜாய்சன் அண்ணனிடமும் தயவுசெய்து கேட்க வேண்டாம். கிரி அண்ணாவின் விசாரணை திங்கட்கிழமையே முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் பொறுமையாக இருந்தவர், இன்னும் ஒரு நாள் பொறுக்க மாட்டாரா? நான் இதையெல்லாம் எழுதுவதே அவருக்காகத்தான் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.