தோல் எரித்த அடுப்பு

வசந்தாவின் இரண்டு கைகளையும் பிடித்து இழுக்கிறேன். அவள் எழவில்லை. உடம்பு மட்டும் வருகிறது. குதிகால்கள் சிமெண்டுத் தரையில் உரசுகின்றன. அரிசி மூட்டையை இழுக்கும் சத்தம். தகரக் கூரையில் மழை. அடுப்புக்குள் தோல் சுருங்கிச் சீறுகிறது. சுர்ர். நிற்கிறது. மறுபடி சுர்ர்.

"எழுந்திருங்க! எல்லாரும் கீழ வாங்க! மூச்சு முட்டுது!"

கத்துவது நான்தான். என் குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் கேட்கிறது. இன்னொரு இழுப்பு. சமையல்கட்டைத் தாண்டிச் சாப்பாட்டுக் கூடம். கூடத்து ஜன்னல்கள் மழைக்காக மூடியிருக்கின்றன. முன்னால் ஷட்டர். வெளியே பூட்டு. பெண்கள் விடுதி என்பதால் தினமும் இரவு பூட்டுவார்கள். சாவி விடுதிக்காரர் வீட்டில் இருக்கும். அவர் வீடு அடுத்த தெருவில்.

நான் விழுந்தேன். வசந்தாவின் மேல்தான் விழுந்தேன். அவள் கன்னம் சிவந்திருந்தது. காய்ச்சல் வந்த குழந்தையின் கன்னம்போல. நல்ல நிறமாக இருக்கிறாளே என்று ஒரு நொடி நினைத்தேன். அது நல்ல நிறம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

மாடிப்படியில் காலடிச் சத்தம். தேவி. ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை செய்கிற பெண். சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். அம்மிக் குழவியைத் தூக்கிக் கூடத்து ஜன்னல் கண்ணாடியில் அடித்தாள்.

"கண்ண மூடிக்கக்கா!"

கண்ணாடி சிதறியது. குளிர்ந்த காற்று. அது சாக்கடை நாற்றத்தோடு வந்தது. அந்தச் சாக்கடைக் காற்றை நான் தண்ணீர்போலக் குடித்தேன்.

நான் ஸ்டெல்லா. ஆம்பூருக்கு வெளியே, ஷூ கம்பெனிப் பெண்கள் தங்கும் ஒரு தனியார் விடுதியில் சமையல் செய்தேன். வசந்தா என்னோடு வேலை செய்தவள். காவேரிப்பாக்கம் பக்கத்துக் கிராமம். கணவன் விட்டுப் போய்விட்டான். ஊரில் அம்மா மட்டும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள்.

போர் எங்கள் ஊரில் நடக்கவில்லை. கடலுக்கு அப்பால் நடந்தது. டிவியில் பார்த்தோம். கப்பல் எரிந்தது. பிறகு கப்பல் வரவில்லை என்றார்கள். பிறகு எங்கள் சிலிண்டர் வரவில்லை. முதலில் ஹோட்டல்களுக்கு நிறுத்தினார்கள். அடுத்தது விடுதிகள். டீக்கடையில் டீ நின்றது. வேலூர் லாங் பஜாருக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ் தேடிப் போன தேவி வெறும் கையோடு திரும்பினாள். கடைக்குக் கடை கூட்டமாம்.

விடுதிக்காரர் கொத்தனாரைக் கூட்டிவந்தார். பின்பக்கச் சமையல்கட்டில் இரண்டு விறகடுப்பு கட்டினார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு புகைபோக்கி, மொட்டைமாடிக்கு மேலே. அந்த அடுப்பைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அது நல்ல அடுப்பு. அடுப்பின்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அதன் வயிற்றுக்குள் கம்பித் தட்டு வைக்கச் சொன்னேன். விறகு தட்டின்மேல் எரியும். சாம்பல் கீழே விழும். கீழ்வாயைத் திறந்து வைத்தால் காற்று அடியிலிருந்து ஏறும். அந்த வாயில் சாம்பல் சேரவிடக் கூடாது. சேர்ந்தால் அடுப்பு மூச்சுவிடாது. விறகு சீமைக்கருவேலம். விறகு விற்கும் தொட்டியில் எடுக்கும்போதே இரண்டு கட்டையை மோதிப் பார்ப்பேன். காய்ந்தது டங் என்று பேசும். ஈரம் தொப் என்று பேசும். தொப் எனக்கு வேண்டாம். மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, சுவரிலிருந்து தள்ளி, காற்றோட்டமாக அடுக்குவோம்.

பற்றவைப்பதிலும் முறை உண்டு. இரண்டு கட்டை இணையாக. மேலே குறுக்காகச் சிராய், மெல்லிய விறகுச் சீவல். சிராய்க்கு நடுவே தேங்காய் நார். முதலில் ஒரு காகிதத்தைக் கொளுத்திப் புகைபோக்கியின் அடியில் காட்டுவேன். குழாய் சூடானால்தான் புகையை மேலே இழுக்கும். அது இழுக்கிற சத்தம் கேட்கும். ஊம் என்று மெல்ல. அதற்கப்புறம்தான் நார். பிறகு கட்டையின் நுனி மட்டும் நெருப்பில். எரிய எரியத் தள்ளவேண்டும். வாய் நிறையத் திணித்தால் புகைதான் வரும், சூடு வராது. அண்டாவுக்கும் அடுப்பு விளிம்புக்கும் விரல் இடைவெளி. அண்டாவுக்கு மூடி. சோறு முக்கால் வெந்ததும் கட்டையை வெளியே இழுத்துவிடலாம். மீதியைக் கங்கு பார்த்துக்கொள்ளும்.

வசந்தா சீக்கிரம் கற்றுக்கொண்டாள். எங்கள் புகைபோக்கியைத் தெருவிலிருந்து பார்த்தால் அடுப்பு எரிகிறதா என்றே தெரியாது. அவ்வளவு சுத்தமான நெருப்பு. பற்றவைப்பது ஒருநாள் அவள், ஒருநாள் நான். அந்த வாரங்களில் பெண்கள் குறையில்லாமல் சாப்பிட்டார்கள். விறகுச் சோறு ருசி என்றுகூடச் சொன்னார்கள்.

பிறகு ஊர் முழுக்க விறகுக்கு அலைந்தது. தொட்டி காலி. ஐப்பசி மழை வேறு. ஒரு மாலை விடுதிக்காரர் மினி லாரியில் மூட்டைகள் கொண்டுவந்து இறக்கினார். மூட்டையைப் பிரித்தேன். உள்ளே தோல். தோல் பதனிடும் டேனரியில் வெட்டித் தள்ளிய துண்டுகள். நீலம் பாய்ந்த, ஈரமான, வழவழவென்ற துண்டுகள். கை வைத்தேன். செத்த மீனைத் தொட்டதுபோல் இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை.

"கட்டை கெடைக்கல ஸ்டெல்லாம்மா. இத்தப் போட்டு எரி. நெருப்பு நல்லா நிக்கும்."

"சார், இது மருந்து போட்ட தோலு. சோத்துக்குக் கீழயா எரிக்கறது?"

"அண்டாவுக்குக் கீழதான எரியுது. அண்டாவுக்குள்ளயா எரியுது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பல்லில் பாக்குத் துணுக்கு இருந்தது. அதுகூட எனக்கு மறக்கவில்லை.

முடியாது என்றேன். நாளை முதல் வரமாட்டேன் என்றேன். "நீ போனா இந்தப் பொண்ணுங்களுக்கு யாரு சோறு போடுவா?" என்றார். கம்பெனி ஷிப்டை நிறுத்தவில்லை. பெண்கள் பசியோடு நிற்க முடியாது. நாங்கள் இருந்தோம்.

தோல் எரியும் வாடையை எப்படிச் சொல்வது. முதலில் முடி கருகும் நாற்றம். பின்னால் கொழுப்பு. அதற்கும் பின்னால் ஒரு தித்திப்பு. அந்தத் தித்திப்புதான் தாங்காது. நாக்கில் உட்காரும். வெற்றிலை போட்டாலும் போகாது. புகை கறுப்பாக, கனமாக, ஏறமாட்டாமல் தொங்கும். சாம்பல் பச்சை. விறகுச் சாம்பலில் பாத்திரம் தேய்ப்போம். இதைத் தொடவே கை கூசியது. கம்பித் தட்டில் பிசினாக உருகி ஒட்டியது. தினமும் சுரண்டினேன். சுரண்டும்போதெல்லாம் வாந்தி வந்தது.

"அக்கா, சுடுகாட்டுல ஒல வச்ச மாரி இருக்குது," என்றாள் வசந்தா.

பெண்கள் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளினார்கள். பலர் பிஸ்கட் தின்று வேலைக்குப் போனார்கள். தலையில் நாற்றம். துணியில் நாற்றம். கம்பெனியில் பக்கத்து மெஷின்காரிகள் நகர்ந்து உட்கார்ந்தார்களாம். தோலில் ஷூ தைக்கிற இடத்தில் தோல் நாற்றம் என்று நகர்ந்திருக்கிறார்கள்.

அக்கம்பக்கத்தில் சண்டை வந்தது. குழந்தைகளுக்கு இருமல். துவைத்துக் காயப்போட்ட துணியில் கரி. நகராட்சிக்கு எழுதிப் போடுவோம் என்றார்கள். விடுதிக்காரர் தோலை நிறுத்தவில்லை. பின்தெருப் பக்கம் இருந்த சமையல்கட்டு ஜன்னலில் தகரம் அடித்தார். அது எங்களுக்குத் தெரியும். அவர் செய்த இன்னொன்று எங்களுக்குத் தெரியாது.

ஞாயிறு மாலையில் அடுப்பு கிடையாது, மத்தியானச் சோறுதான் ராத்திரிக்கும். அந்த ஞாயிறு மாலை, தேவி மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனாள். கொத்தனார் ஒருவர் புகைபோக்கியின் அருகே குனிந்திருந்தார். விடுதிக்காரர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னா சார் வேலை?" என்று தேவி கேட்டிருக்கிறாள். "ஒழுகுது. பூசறோம்," என்றாராம்.

ஒழுகவில்லை. புகைபோக்கியின் வாயில் செங்கல் வைத்து அடைத்தார்கள். புகை வெளியே தெரியக் கூடாது. அதற்காக. கீழே இரண்டு பெண்கள் விடிந்ததும் அடுப்பு பற்றவைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திங்கட்கிழமை. பற்றவைப்பது வசந்தாவின் முறை. இருட்டு பிரியுமுன் இறங்கிப் போனாள். முந்தைய நாள் கங்கு சாம்பலுக்கு அடியில் இருந்தது. கங்கு இருந்தால் குழாய்க்குக் காகிதம் காட்டமாட்டோம். அதன்மேல் தோலைப் போட்டிருக்கிறாள். நான் மாடியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தலை வலித்தது. வெங்காயம் என்று நினைத்தேன். கீழே பாத்திரச் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. இறங்கினேன். அவள் அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தூங்குவதுபோல.

மீதியை ஆரம்பத்தில் சொல்லிவிட்டேன்.

தேவி உடைத்த ஜன்னல் வழியாகக் கூச்சல் தெருவுக்குப் போனது. சவாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் சலீம் ஓடிவந்தார்.

"ஷட்டர்கிட்ட நிக்காதீங்கம்மா! பூட்ட ஒடைக்கிறேன்!"

வீல் ஸ்பேனரால் அடித்தார். இரும்பில் இரும்பு. டணார். டணார். மூன்றாவது அடியில் பூட்டு போனது. ஷட்டர் கிறீச்சிட்டு ஏறியது. பெண்கள் தவழ்ந்து வெளியே வந்தார்கள். மழையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்கள். சலீம் வசந்தாவைத் தோளில் போட்டு ஆட்டோவில் ஏற்றினார். என்னையும் தேவி அதில் ஏற்றிவிட்டு, மற்றப் பெண்களோடு நின்றுகொண்டாள். வழி முழுக்க அவர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வசந்தாவின் கையைத் தொட்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது.

"கண்ணுக்குத் தெரியிற புகை இருமவைக்கும், தெரியாத ஒண்ணு தூங்கவைக்கும். அதுதான் கொன்னுருக்கு," என்றார் டாக்டர். புகை போக வழி இல்லாத அடுப்பில் எதை எரித்தாலும் அது வருமாம். காற்றுப் போதாமல் புகையும் தோலில் இன்னும் அதிகமாம். கன்னம் சிவந்ததும் அதனால்தானாம்.

விடுதிக்காரர் ஆஸ்பத்திரிக்கு முதலில் வரவில்லை. முதலில் மொட்டைமாடிக்குப் போனார். செங்கலைப் பெயர்த்தார். மீதி மூட்டைகளை ஏற்றி அனுப்பினார். மாடிப்படியில் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்த தேவி எல்லாவற்றையும் பார்த்தாள். பெயர்த்த செங்கல் ஒன்றைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டாள். உள்பக்கம் கரி, வெளிப்பக்கம் புது சிமெண்டு. போலீஸ் வந்தபோது அதைத்தான் காட்டினாள். விடுதிக்காரர் வேறு கதை வைத்திருந்தார். குளிருக்குக் கரிச்சட்டி வைத்துக்கொண்டு சமையல்காரிகள் தூங்கிவிட்டார்களாம்.

எனக்கு நினைவு தெளிந்த பிறகு சாத்துக்குடிப் பையோடு வந்தார்.

"போர்க்காலம் ஸ்டெல்லாம்மா. எல்லாருக்கும் பேஜார்தான். கொஞ்சம் அனுசரிச்சுப் பேசு."

அனுசரித்து. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தச் சாத்துக்குடி கட்டிலடியில் கிடந்து அழுகியது. துப்புரவு அக்கா கேட்டபோது, குப்பையில் கொட்டிவிடச் சொன்னேன். கட்டிலில் இருந்தபடியே போலீசுக்கு எல்லாம் சொன்னேன். தோல் என்றேன். தகரம் என்றேன். பூட்டு என்றேன். எழுதிக்கொண்டவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். என் முடியில் இன்னும் அந்தத் தோல் வாடை இருந்திருக்கிறது.

வசந்தாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளியில் மூன்று கல் வைத்துச் சமையல். யாரோ வாய்கொள்ளாமல் விறகைத் திணித்திருந்தார்கள். புகை அவள் அம்மாவின் முகத்துக்குப் போனது. அந்த அம்மா எழுந்து ஓடினார். எல்லாரும் ஓடினார்கள். நான் போய்ப் பாதிக் கட்டையை வெளியே இழுத்தேன். சாம்பலைத் தள்ளினேன். சிராய் வைத்தேன். நெருப்பு பிடித்தது. புகை நின்றது. அம்மா திரும்பி வந்தார்.

"என் பொண்ணு ரொம்ப தவிச்சாளாம்மா?"

"இல்லம்மா. தூக்கத்துலயே போய்ட்டா."

அது உண்மை. அதைத் தவிர நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இப்போது கப்பல் வருகிறது. சிலிண்டர் வருகிறது. வழக்கு நடக்கிறது. விடுதிக்காரர் ஜாமீனில் இருக்கிறார். விடுதிக்கு வேறு பெயர் வைத்து, பெயிண்ட் அடித்து, மைத்துனர் நடத்துகிறார். வாசலில் 'வீட்டுச் சாப்பாடு' என்று போர்டு. அந்த வழியாகப் போனால் நான் எச்சில் துப்புகிறேன். தேவியும் நானும் கோர்ட்டுக்குப் போகிறோம். கூப்பிடும்போதெல்லாம் போகிறோம். வாலாஜாபேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குச் சமையல் வேலை கிடைத்திருக்கிறது.

போனவை இவை. அடுப்புக்குப் பின்னால் சூட்டுக்காக ஒண்டியிருந்த பூனை, அதன் மூன்று குட்டிகள். அன்று மாடியில் படுத்திருந்த செல்வி என்ற பெண்ணின் ஞாபகம்; ஆறு மாதமாகத் தைத்த தையலை மறந்து ஊருக்குத் திரும்பினாள். சாட்சி சொன்னதற்காகத் தேவியின் வேலை. கம்பெனி காரணம் சொல்லவில்லை. ஒரே கூடத்தில் ஒன்றாகச் சாப்பிட்ட பெண்கள். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று போய்விட்டார்கள். என் மூக்கு; பால் கெட்டதா என்று தெரிய இன்னொருவரைக் கூப்பிடுகிறேன்.

வசந்தா. வயது இருபத்தொன்பது.