எது உள்ளே, எது வெளியே?

மேடையில் வீற்றிருக்கும் ஆலை மேலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, ஷிப்ட் முடிந்த கையோடு இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் தோழர்களே, வணக்கம். நான் பின்சுவரைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். மேடைக்கூச்சம் இல்லை. பயம்.

நம் தலைமைப் பொறியாளரை, நம் அண்ணனை, ‘உள்ளே வெளியே’ என்றுதானே கூப்பிட்டோம்! சீட்டைத் தொடாத மனிதருக்குச் சீட்டாட்டத்தின் பெயர்! ஏன்? சூடான அமிலத்தைத் தண்ணீரால் ஆற்றும் எந்த வெப்பமாற்றியின் வரைபடத்தை நீட்டினாலும், எது உள்ளே, எது வெளியே என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அமிலமா? குழாய்களுக்கு உள்ளே போகட்டும். தண்ணீரா? குழாய்களைச் சுற்றி, வெளிக்கூட்டில் ஓடட்டும்.

“குழாய் அரிச்சா ஒண்ண மாத்திக்கலாம்யா. கூடு அரிச்சா பக்கத்துல நிக்கிறவனை மாத்த முடியுமா?”

அந்தக் கேள்வியால்தான் இருபத்தாறு ஆண்டுகளில் இங்கே ஒருவருக்கும் தோல் வேகவில்லை.

போன வாரம் புதிய வெப்பமாற்றிக்கு அவருக்குப் பதிலாக, அவருடைய உதவிப் பொறியாளனான நான் கையெழுத்திட்டேன். அன்று மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அழைத்தார். மூச்சு வாங்கியது.

“அமிலம் உள்ளதானே?”

“உள்ளதாண்ணே.”

பொய் சொல்லவில்லை. வெளிக்கூட்டுக்குள் போவதும் உள்ளேதானே என்று நினைத்துவிட்டேன்! அமில லைன் கூட்டின் பக்கம் கிட்டத்தில் இருந்தது, அவசரம் என்றார்கள், கூட்டோடு இணைக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவர் நிம்மதியாகப் போனார் என்று அண்ணி சொன்னார்கள். என் பதிலை நம்பித்தான் போனார்.

இன்று காலை இந்த உரைக்காக அவர் கேள்வியைத் தாளில் எழுதியபோதுதான் உறைத்தது. கூடு சாதாரண இரும்பு. நான்கு நாளாக அதில் சூடான அமிலம் ஓடுகிறது. இந்தச் சுவருக்குப் பின்னால், நாற்பதடியில்! மேலாளரிடம் சொன்னேன். கூட்டம் முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்றார். அவர் உத்தரவில்லாமல் வால்வைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. ஐயா, மன்னியுங்கள். வேலை போய்விடுமோ என்று இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. அந்தச் சுவரைப் பார்த்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

அண்ணன் விட்ட பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி எழுதி வைத்திருந்தேன். அதைப் படிக்க நேரமில்லை. மூன்றாம் வரிசையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைத் தோழரே, எழுந்து போய் அமில வால்வை மூடுங்கள். என் கையெழுத்தில் திறந்தது, என் பொறுப்பிலேயே மூடட்டும். கூட்டுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் ஆபரேட்டரையும் கையோடு அழைத்து வந்துவிடுங்கள். நீங்கள் இருவரும், அந்தக் கூட்டைப் பார்த்தபடி திறக்கும் இந்த வாசலில் வந்து நின்ற பிறகு அண்ணனுக்கு மௌனமாக எழுந்து நிற்போம்.

அதுவரை யாரும் வெளியே போகாதீர்கள்.