சிவப்பு முயல் போட்ட துணி

லிங்யூ: ...அப்புறம் அந்த முயல் உலக்கையைக் கீழ வெச்சுட்டு என்னையே பாத்துச்சுங்க.

தாவென்: எந்த முயல்?

லிங்யூ: நிலாவுல உக்காந்து மருந்து இடிக்குமே, அதுதான். கண்ணை மூடினதும் வந்துடுச்சு.

தாவென்: பெஞ்சுல சாஞ்சு அஞ்சு நிமிஷம் ஆகலை. அதுக்குள்ள நிலாவுக்குப் போயிட்டு வந்துட்டியா!

லிங்யூ: கிண்டல் பண்ணாதீங்க. பாப்பாவை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோயி எவ்வளவு நேரமாச்சு?

தாவென்: முக்கால் மணி நேரம்.

லிங்யூ: விடியக்காலம் குடிச்ச பால்... பசிக்குமே அவளுக்கு.

தாவென்: மயக்க மருந்து குடுத்திருக்காங்க, பசி எங்க தெரியும்? அவளும் உன்னை மாதிரி நிலாவுல சுத்திகிட்டிருப்பா.

லிங்யூ: அந்த ஷாங்காய் டாக்டரம்மாவுக்குக் கை ரொம்பச் சின்னதா இருக்கே...

தாவென்: ஆறு மாசக் குழந்தை உதட்டைத் தைக்க அந்தக் கைதான் வேணும். காசே வாங்காம இந்த மலைக்கு வந்திருக்காங்க, நீ கையை அளந்துகிட்டிருக்க.

லிங்யூ: பயமா இருக்குங்க.

தாவென்: அதெல்லாம் நல்லபடியா...

லிங்யூ: அதில்லை. உதடு ஒட்டிட்டா அந்தச் சிரிப்பு போயிடும்ல? மூஞ்சி பூரா விரியுமே, அது. எனக்கே அவளை அடையாளம் தெரியலைன்னா?

தாவென்: அடிப் பைத்தியமே! அவளை முதுகுல கட்டிக்கற இந்தத் துணியில சுத்தினா தெரிஞ்சுட்டுப் போகுது. சிவப்பு முயல் போட்டது நம்ம பக்கத்துலயே இது ஒண்ணுதான்.

லிங்யூ: உங்கம்மாவுக்கு இந்தத் துணியைக் கண்டாலே ஆகாது. இதை வெட்டித் தைக்க வயித்துப் பிள்ளையோட கட்டில்ல உக்காந்து கத்தரி பிடிச்சேனாம், அதான் உதடு பிளந்துடுச்சாம்.

தாவென்: கத்தரிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு டாக்டரம்மா சொன்னாங்கள்ல?

லிங்யூ: அதை உங்கம்மாகிட்ட சொன்னீங்களா?

தாவென்: ...ஊருக்குப் போனதும் சொல்றேன்.

லிங்யூ: நீங்களும் அப்ப நம்பினீங்கதானே?

தாவென்: பனி விலகுது பாரு... எதிர் மலை தெரியுது.

லிங்யூ: மலை எங்கயும் ஓடிடாது. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்... அவளுக்கு அப்ப ரெண்டு மாசம். முந்தின நாள்தான் நீங்க தடுப்பூசி போடணும்னு தூக்கிட்டுப் போனீங்க. மறுநாள் நான் தோஃபு வாங்கப் போறேன்னு கிளம்பினேனே...

தாவென்: ஆமா. தீந்துபோச்சுன்னு வெறுங்கையோட வந்த.

லிங்யூ: நான் சந்தைக்கே போகலைங்க. குழந்தைகள் இல்லத்து வாசப்படியில இவளை... வெச்சுட்டேன்.

தாவென்: லிங்யூ...

லிங்யூ: பத்து அடி நடந்திருப்பேன். கடைசியா ஒரு தடவைன்னு திரும்பினேன். மூஞ்சி பூராவும் சிரிச்சா. என்னால முடியலை, ஓடிவந்து எடுத்துகிட்டேன். அந்தச் சிரிப்புதான் இன்னையோட போகுது.

தாவென்: அழாத... எடுத்துகிட்டயே, அது போதும். நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்.

லிங்யூ: உங்களுக்கு எதுவும் சொல்ல வேண்டியது இல்லையா?

தாவென்: எனக்கா? எனக்கு என்ன... ஒண்ணுமில்லையே.

லிங்யூ: எடுத்துகிட்டு நிமிந்தா, வாசல்காரப் பெரியவர் நிக்கறாருங்க. இந்த முயலையே உத்துப் பாத்துட்டுக் கேட்டாரு: "ஏம்மா, நேத்து ஒருத்தர் இதே குழந்தையை இங்க வெச்சுட்டு, தெருமுனை வரைக்கும் போயி, அழுதுகிட்டே திரும்பி வந்து தூக்கிட்டுப் போனாரே... அவரு உனக்கு யாரு?"