‘ரீசண்ட்லி’ன்னா எந்தத் தேதி?

“‘தி அதர் டே’ நான் லேட்டுன்னா, அந்த நாள் காலண்டர்ல எந்தக் கட்டத்துல இருக்கு, விரல் வச்சுக் காட்டுங்க பாஸ்னு கேட்டேன்.”

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு வரும் ஃபெரியில், எனக்கு முன் வரிசையில் இரண்டு பெண்கள். இருவரும் மாக் மண்டின் தொழிற்பேட்டைச் சட்டையில் இருந்தார்கள். பேசியவளுக்கு என் வயதுதான் இருக்கும். அவள் மடியில் சூப்பர்வைசர் கொடுத்த எச்சரிக்கைக் கடிதம், அவள் இன்னும் கையெழுத்துப் போடாமல்.

“அதுக்கு என்ன சொன்னாரு?” என்றார் பக்கத்திலிருந்த அக்கா.

“‘ரீசண்ட்லி நீ லேட் லா’ங்கிறாரு. ரீசண்ட்லின்னா எப்போன்னேன். ‘லேட்லி’யாம். லேட்டா வந்தா பஞ்ச் கார்டுல சிவப்பா விழும். என் கார்டு முழுக்க நீலம்க்கா.”

“சைன் பண்ணிட்டுப் போயிருக்கலாம்லடி. அவரோட இங்கிலீஷ்ல மல்லுக்கு நிக்கணுமா?”

“மூணு லெட்டர் சேர்ந்தா வேலை போயிடும். தேதி போட்டுக் குடுங்க, அப்புறம் சைன் பண்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

“நாளைக்கு மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டா?”

“போவேன். கார்டையும் எடுத்துட்டுப் போவேன்.”

அக்கா அவள் மடியிலிருந்த கடிதத்தை எடுத்துப் படித்தார்.

“எனக்கும் இதே மாதிரி ஒண்ணு குடுத்தாரு. நான் சைன் பண்ணிட்டேன்.”

“எப்போக்கா?”

“அது, அன்னைக்கு ஒரு நாள்...” என்று தொடங்கியவர் நிறுத்தினார். விரல்விட்டு எண்ணினார்.

“போன மாசம், ரெண்டாவது செவ்வாய். அன்னைக்கு ஏழரை ஷிஃப்டுக்கு ஏழு மணிக்கே நான் மெஷின்ல நின்னேன். நாளைக்கு நானும் உன்கூட வர்றேன்.”