அண்ணன் என்னைக் கூப்பிட்ட விதம்

உங்கள் சட்டைக் காலருக்குக் கஞ்சி சரியாகப் போடவில்லை, ஐயா. குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த மாதிரிக் கெட்டிக் காக்கித் துணிக்குக் கஞ்சியை நீர்க்கக் கரைத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் இஸ்திரி போட்டுவிட வேண்டும். காய்ந்தபிறகு போட்டால் இப்படித்தான் மடிப்பில் திட்டுத் திட்டாக வெள்ளை படியும். ஆயுசில் பாதியைச் சலவைக் கடையில் கழித்தவன் நான். ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் கண் துணிக்குத்தான் போகிறது.

நானாகத்தான் வந்திருக்கிறேன். என் மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டார்கள். என் அண்ணன் ஆஸ்துமா முற்றி இறந்துபோனதாக டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் தப்பு இல்லை. ஆனால் எங்கள் மன்றத்தில் ஆளாளுக்கு அதை வைத்துக் கதை கட்டுகிறார்கள். நடந்ததை நடந்தபடி ஒருவரிடமாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அண்ணனை நான் 'அவர்' என்றுதான் சொல்வேன், கவனியுங்கள். மரியாதை என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மன்றம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பெயின்ட் கடைக்கு மேலே மாடியில் ஒரு கூடம், அதை ஒட்டி ஒரு சின்ன அறை. ஒரு கண்ணன் படம், ஒரு ஆர்மோனியம், ஒரு மைக், மடக்கு நாற்காலிகள். வாரந்தோறும் கூடிப் பாடுவோம். நடத்தி வந்தவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். அவரைத்தான் குருஜி என்போம். மற்ற எல்லோரும் அடியார். டாக்டரும் அடியார்தான், வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்கிறவரும் அடியார்தான். குருஜி தன் தோளில் கிடக்கும் சால்வையைத் தன் கையால் யாரிடம் கொடுக்கிறாரோ அவர் அடுத்த குருஜி. பெரியவருக்கும் அவருடைய குரு அப்படித்தான் கொடுத்தாராம்.

சால்வை என்னிடம் வந்தது. பெரியவர் படுக்கையில் கிடந்த கடைசி வாரத்தில் அறையில் அண்ணனும் நானும்தான் இருந்தோம். பெரியவர் சால்வையை எடுத்து என் கையில் கொடுத்தார். அவர் போன பிறகு மன்றத்தில் இதைப் பற்றிக் கேட்டார்கள். அண்ணன் எழுந்து நின்று, "ஆமா, இவன் கையிலதான் குடுத்தாரு, நான் பாத்தேன்" என்றார். அந்த 'இவன்' எனக்குச் சுருக்கென்றது. சாட்சி சொல்லுகிறவரிடம் போய்ச் சண்டை பிடிக்க முடியுமா? பொறுத்துக்கொண்டேன்.

அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்தவர். தூசியையும் புகையையும் தின்று தின்று நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. வாயில் விசில் இல்லாதபோதும் உள்ளே ஒரு விசில் ஊதிக்கொண்டே இருக்கும். எங்கள் அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அண்ணன்தான் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போய் என்னை வளர்த்தார், எனக்குக் கடை வைத்துக் கொடுத்தார். இதையெல்லாம் நான் மறக்கிற ஆள் இல்லை. அவரும் ஒரு நாள்கூடச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டு மனசு ஆறியிருப்பேன்.

நான் குருஜியாக அமர்ந்த முதல் நாள். கூடம் நிறைந்திருந்தது. சால்வையைச் சரிசெய்துகொண்டு, கண்ணை மூடித் திறந்து, பேச வாயெடுத்தேன். பின்வரிசையிலிருந்து அண்ணன் குரல் வந்தது. "தம்பி, மைக்க கொஞ்சம் தள்ளிப் பிடிடா, கொர்ருனு கத்துது."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது.

அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு அதன் பிறகு ஓயவில்லை. கூடப்பிறந்தவருக்கு விலக்குக் கொடுக்கலாம் என்றார் டாக்டர் அடியார். ஆர்மோனியம் வாசிக்கிற அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "பெத்த தாயே வந்தாலும் குருஜின்னுதான் கூப்பிடணும். இல்லாட்டி அந்தச் சால்வைக்கு என்ன மதிப்பு?" என்று கேட்டார். நான் சொல்லிக் கொடுத்துத்தான் கேட்டார் என்று சிலர் பேசினார்கள். அது உண்மைதான், ஆனால் கேள்வி நியாயமானதா இல்லையா? கொஞ்ச நாளில் இது தொற்றுவியாதி மாதிரி பரவியது. ஆர்மோனிய அக்காவுக்கு ஒரு பட்டம் வேண்டியிருந்தது. கணக்குப் பார்க்கிறவர் தன் பெயருக்கு முன்னால் 'திருத்தொண்டர்' என்று போடாவிட்டால் இனி மேடையேற மாட்டேன் என்றார். செருப்பைப் பார்த்துக்கொள்கிறவர்கூட ஒரு நாள் என்னிடம் வந்து, "எனக்கும் ஏதாச்சும் பாத்துப் போடுங்க குருஜி" என்று தலையைச் சொறிந்தார். எல்லோருக்கும் கொடுத்தேன். கொடுக்கிறவனுக்கு முதலில் அது இருக்க வேண்டும் அல்லவா.

அண்ணன் மட்டும் மசியவில்லை. "எனக்கு நாக்கு திரும்ப மாட்டேங்குதுப்பா. இவன் மூக்கச் சிந்தி விட்டதே நான்தான், எப்படிக் குருஜின்னு கூப்பிடறது?" என்று கூடத்தில் எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். பக்கத்தில் இருக்கிறவர்களும் சிரிப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் என் காலில் விழுந்து எழுந்திருக்கும்போதே பின்னாலிருந்து "தம்பி, அவருக்குத் தண்ணி குடுக்கச் சொல்லுடா" என்று கேட்கும். விழுந்தவர் முகத்தில் ஒரு மாறுதல் வரும். அதைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் நான் கூடை வழக்கத்தைக் கொண்டு வந்தேன். சின்ன அறையில் என்னைப் பார்க்க வருகிறவர்கள் பையில் உள்ளதை எல்லாம் எடுத்து ஒரு பிரம்புக் கூடையில் வைத்துவிட வேண்டும். போன், சாவி, பணம், கண்ணாடி, எதுவானாலும் சரி. கூடை என் ஆசனத்துக்குப் பக்கத்தில் இருக்கும். திரும்பிப் போகும்போது "குருஜி" என்று கேட்டு என் கையால் வாங்கிக்கொள்ள வேண்டும். வெறுங்கையாக வருகிறவன்தான் எதையாவது வாங்கிக்கொண்டு போவான் என்று விளக்கம் சொன்னேன். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அண்ணன் மட்டும், "என் சட்டப் பையில கெடக்குறதுக்கு எதுக்குடா கூடை?" என்று அந்த அறைப் பக்கமே வராமல் இருந்தார்.

ஒரு மத்தியானம் வந்தார். கீழே கடைக்காரர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். படியேறி வந்த மூச்சிரைப்போடு வாசலில் நின்று கூடையைப் பார்த்தார். பிறகு பையில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கண்ணாடி, சீப்பு, சில்லறை, நீல நிற இன்ஹேலர். எதையும் விடவில்லை. வழக்கப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வீட்டிலிருந்தே முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறார். எனக்கு மனசு இளகியது, பொய் சொல்ல மாட்டேன்.

அறையில் சாம்பிராணிப் புகை இருந்தது. எப்போதும் இருப்பதுதான். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதல். அவர் தெருவில் வருவதை ஜன்னலில் பார்த்துவிட்டு, பூக்கட்டும் அக்காவிடம் தணலில் இன்னொரு கரண்டி போடச் சொன்னேன். தெருவில் ஹாரன் சத்தமாக இருந்ததால் ஜன்னலையும் சாத்தச் சொன்னேன். பிறகு அக்காவைச் சாப்பிட்டுவிட்டு வரும்படி அனுப்பினேன்.

முன்கூட்டியே திட்டம் போட்டாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. புகையில் அவர் இரண்டு இருமல் இரும வேண்டும், என்னிடம் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். கேட்கும்போது எப்படிக் கேட்கிறார் என்று பார்க்க வேண்டியிருந்தது.

தரையில் முட்டியை மடக்கி உட்கார்ந்தார். "சரிடா, நான் தோத்துட்டேன்னே வெச்சுக்க. கூடத்துல, ஆளுங்க முன்னாடி, இனிமே குருஜின்னே கூப்பிடறேன். நெசமாத்தான் சொல்றேன். உங்க அண்ணி சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டா. வீட்டுக்கு வந்தா மட்டும் தம்பின்னு சொல்ல விடு. அது ஒண்ணுதான் கேக்கறேன்."

நான் சால்வையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டேன். அவரே குரலைத் தாழ்த்தி, "சால்வ விஷயத்த நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. சொல்லவும் மாட்டேன். அந்தப் பயமே உனக்கு வேண்டாம்" என்றார்.

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பெரியவர் சால்வையை என் கையில் கொடுத்தபோது ஒரு வார்த்தை சொன்னார். "மருந்து கொட்டிடுச்சுப்பா, அலசிக் கொண்டா" என்றார். சலவைக் கடைக்காரன் கையில் வேறு எதற்குக் கொடுப்பார்கள்? அண்ணனும் அதைக் கேட்டார். நான் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்து எடுத்துப் போவதற்குள் பெரியவர் கண்ணை மூடிவிட்டார். அதனால் சால்வை என்னிடம் நின்றுவிட்டது. கொடுத்தது கொடுத்ததுதானே, ஐயா. அண்ணன் அத்தனை பேர் முன்னால் கொடுத்ததை மட்டும் சொல்லி, சொன்னதை விழுங்கிவிட்டார். எனக்காகத்தான். அவர் ஒவ்வொரு முறை தம்பி என்னும்போதும் அந்த விழுங்கல் எனக்குக் கேட்டது. என்னை மன்னித்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்திருந்தார். மன்னிக்கும்படி நான் அவரிடம் கேட்டேனா?

இருமல் அதற்குள் ஆரம்பித்திருந்தது. முதலில் சிரித்துக்கொண்டே, "புகை ஒத்துக்கல, அத எடு தம்பி" என்று கூடைப் பக்கம் கையை நீட்டினார். நான் கூடையை அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் எட்டிப் பிடிக்கப் பார்த்தார். முட்டி எழுந்திருக்க விடவில்லை. கூடைக்குள் கையை விட்டு இன்ஹேலரை நானே எடுத்துக்கொண்டேன். கொடுப்பதற்காகத்தான் எடுத்தேன் என்று அப்போது நினைத்தேன்.

"தம்பி" என்றார். நான் காத்திருந்தேன். மறுபடியும் "தம்பி" என்றார். உள்ளே விசில் ஏறிக்கொண்டே போயிற்று. உதடு நிறம் மாறியது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இரண்டு கையையும் கூப்பினார். "குருஜி" என்றார்.

தெளிவாகவே சொன்னார். குறை சொல்ல முடியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பஸ்ஸில் சில்லறை பாக்கி இருக்கிறவரைக்கும் கண்டக்டரை 'சார், சார்' என்பார்கள், கைக்கு வந்ததும் சார் போய்விடும் என்று அண்ணனே என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். காரியத்துக்காக வருகிற மரியாதை காரியம் முடிந்ததும் போய்விடும். இது நிற்கிற மரியாதையா என்று பார்ப்பதற்காகத்தான் இன்னும் கொஞ்சம் பொறுத்தேன்.

எல்லாம் அடங்கியபிறகு இன்ஹேலரை அவர் சட்டைப் பையிலேயே வைத்தேன். கண்ணாடியையும் சீப்பையும் வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். பிறகு கத்தி ஆட்களைக் கூப்பிட்டேன். அண்ணி வந்து பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பையிலயே இருந்துச்சே, எடுத்து அடிச்சுக்க வேண்டியதுதானே, ஏன் எடுக்கல?" என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். இப்போதும் எல்லோரிடமும் அதையேதான் கேட்கிறார். வாழப் பிடிக்காமல் இருந்துவிட்டாரோ, தன் மேல் ஏதாவது வருத்தமோ என்று நினைத்து நினைத்து உருகிப்போய்விட்டார். வாரம் தவறாமல் மன்றத்துக்கு வந்து என் காலில் விழுந்து, "நீங்கதான் குருஜி அவருக்கு நல்ல கதி குடுக்கணும்" என்கிறார்.

என் அண்ணன் கடைசி மூச்சில் என்னைக் குருஜி என்று கூப்பிட்டார் என்று நான்தான் மன்றத்தில் சொன்னேன். அதைக் கேட்டு அழாதவர்கள் இல்லை. கூட்டம் இப்போது படிக்கட்டு வரைக்கும் உட்காருகிறது. உங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு நான் வெளியே போனால் இந்தத் தெருவிலேயே கைகூப்ப ஆட்கள் இருப்பார்கள்.

ஆனால் அத்தனை பேரும் சேர்ந்து குருஜி என்று சொல்லும்போது, பின்வரிசையில் ஒரு குரல் மட்டும் சேராமல் நிற்கிறது. மைக்கை மாற்றிப் பார்த்தேன். பின்வரிசை நாற்காலிகளை எடுத்துவிடச் சொன்னேன். சின்ன அறையில் சாம்பிராணி போடுவதையே நிறுத்திவிட்டேன். அப்படியும் தணல் ஆறும் நேரத்துச் சத்தம் மாதிரி உள்ளிழுக்கிற ஒரு மூச்சு, அதற்குப் பின்னால் அந்த வார்த்தை. எனக்குத் தூக்கம் போய்விட்டது, ஐயா. பயமாக இருக்கிறது. அதனால்தான் வந்தேன்.

மன்றத்தில் சொன்ன கதையில் ஒரு தப்பு இருக்கிறது. குருஜி என்பது அவருடைய கடைசி வார்த்தை இல்லை. அதைச் சொன்ன பிறகும் அவருக்குக் கொஞ்சம் மூச்சு இருந்தது. கூப்பிய கையை இறக்கினார். என் கையில் இருந்த இன்ஹேலரைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நான் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை. மெல்ல நகர்ந்து வந்து என் முழங்காலைத் தட்டிக் கொடுத்தார்.

"பயப்படாதடா தம்பி" என்றார். "ஒண்ணும் இல்லடா."

இன்ஹேலரை அப்போதுகூடக் கொடுத்திருக்கலாம். ஆனால் சாகிற நேரத்திலும் ஒரு குருவைப் பார்த்து 'டா' என்கிற மனிதரிடம் நான் என்ன மரியாதையை எதிர்பார்க்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.